கேள்விக்குள் இருக்கும் பதில்

அவையோருக்கு என் வணக்கம்.

நீதிமன்ற ஆணையின்றி அமெரிக்க அரசு நடத்திவரும் கண்காணிப்பைப் பற்றிப் பேசும்போதெல்லாம், "மக்களில் பெரும்பாலோர் அதை ஏற்கிறார்களே, பிறகென்ன?" என்ற கேள்வி எழுகிறது. மக்கள் உண்மையில் எதை ஏற்றார்கள் என்பதைத்தான் இன்று ஆராய விரும்புகிறேன்.

2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின், அமெரிக்காவிலிருப்போரின் வெளிநாட்டுத் தொலைபேசி, மின்னஞ்சல் தொடர்புகளை நீதிமன்ற ஆணையில்லாமல் ஒட்டுக்கேட்கத் தேசியப் பாதுகாப்பு முகமை என்ற உளவு அமைப்புக்கு அதிபர் ஜார்ஜ் புஷ் இரகசியமாக அனுமதி அளித்திருந்தார். 2005 டிசம்பரில் நியூயார்க் டைம்ஸ் அதை வெளிப்படுத்தியது. அடுத்த மாதமே அந்த நாளிதழும் சி.பி.எஸ். தொலைக்காட்சி நிறுவனமும் இணைந்து நடத்திய கருத்துக்கணிப்பில் இந்த விஷயம் இரண்டு விதமாகக் கேட்கப்பட்டது. "பயங்கரவாத அச்சுறுத்தலைக் குறைப்பதற்காக" என்ற சொற்கள் கேள்வியில் இடம்பெற்றபோது 53 விழுக்காட்டினர் ஆதரித்தனர். அந்தச் சொற்களை நீக்கியபோது ஆதரவு 46 ஆகக் குறைந்தது, எதிர்ப்பு 50 ஆனது. நாடு ஒன்றுதான், காலமும் ஒன்றுதான். கேள்வியில் சில சொற்கள் மாறியதும் பெரும்பான்மை இடம் மாறிவிட்டது.

ஆணை பெற நேரமில்லை என்பது அன்று அரசுத் தரப்பு சொன்ன காரணங்களுள் ஒன்று. ஆனால், உளவு அமைப்புகளின் அத்துமீறல்களைச் செனட் குழுவொன்று அம்பலப்படுத்திய பிறகு, 1978-இல் இயற்றப்பட்ட சட்டம் இதற்கெனவே ஒரு தனி நீதிமன்றத்தை அமைத்திருந்தது. அந்த நீதிமன்றத்தின் விசாரணை இரகசியமானது. அவசரமென்றால் முதலில் ஒட்டுக்கேட்கத் தொடங்கிவிட்டு, 72 மணி நேரத்துக்குள் அனுமதி கோரவும் சட்டம் இடமளித்தது. இவ்வளவு வசதியான வாசலையும் தவிர்த்துவிட்டுப் பின்வழியாகச் சென்றார்கள் என்பதை அறிந்துதான் அந்த 53 விழுக்காட்டினர் விடையளித்தார்களா என்று எந்தக் கணிப்பும் நமக்குச் சொல்லாது.

அடுத்து 2013 ஜூன் மாதத்துக்கு வருகிறேன். தேசியப் பாதுகாப்பு முகமையில் ஒப்பந்தப் பணியாளராக இருந்த எட்வர்டு ஸ்னோடென் வெளியிட்ட ஆவணங்களால், கோடிக்கணக்கான அமெரிக்கர்களின் அழைப்பு விவரப் பதிவுகளை அரசு மொத்தமாகச் சேகரித்துவந்தது தெரியவந்தது. யார் யாரை அழைத்தார், எப்போது, எவ்வளவு நேரம் என்பவை அப்பதிவுகளில் இருந்தன. சில நாட்களுக்குள் பியூ ஆய்வு மையமும் வாஷிங்டன் போஸ்ட் நாளிதழும் கருத்துக்கணிப்பில் கேட்டபோது 56 விழுக்காட்டினர் அது ஏற்கத்தக்கதே என்றனர். ஏறத்தாழ அதே நாட்களில் கேலப் நிறுவனம் கேட்டபோது 53 விழுக்காட்டினர் அதை மறுத்தனர். இரு கேள்விகளிலும் பயங்கரவாதம் பற்றிய குறிப்பு இருந்தது. ஆனால் பியூவின் கேள்வியில் மட்டும், இரகசிய நீதிமன்ற ஆணைகளைப் பெற்றே இது நடக்கிறது என்ற செய்தி இருந்தது. கேலப் கேட்ட கேள்வியில் நீதிமன்றம் என்ற பேச்சே இல்லை, இணையத் தொடர்புகளும் சேர்க்கப்பட்டிருந்தன. இரண்டுக்கும் இடைப்பட்ட வேறுபாட்டில் எவ்வளவு பங்கு நீதிமன்றம் என்ற சொல்லுக்கு உரியது என்று அளந்து கூற இயலாது. எனினும், நடுவில் ஒரு நீதிபதி இருக்கிறார் என்ற நம்பிக்கையே பலரையும் தலையசைக்க வைக்கிறது என்பது என் துணிபு.

அந்த நம்பிக்கை காப்பாற்றப்பட்டதா? இல்லை என்பதே என்னை வருத்துகிறது. 1791-இல் நடைமுறைக்கு வந்த அமெரிக்க அரசமைப்பின் நான்காம் திருத்தம், தக்க காரணமில்லாமல் சோதனை ஆணை வழங்கக்கூடாது என்றும், எந்த இடத்தைச் சோதிப்பது, எதைக் கைப்பற்றுவது என்று ஆணையில் குறிப்பாகச் சொல்லவேண்டும் என்றும் விதிக்கிறது. யார் வீட்டிலும் நுழையலாம் என்று பிரித்தானிய அதிகாரிகள் கையில் வைத்திருந்த பொது ஆணைகளின் கசப்பு அனுபவத்தில் பிறந்த விதி அது. ஸ்னோடென் வெளியிட்ட ஆணையோ வெரைசான் தொலைபேசி நிறுவனத்தின் ஒரு பிரிவிடமிருந்து, ஐயத்துக்கு இடமானோர், ஆகாதோர் என்ற பாகுபாடின்றி அனைவரது அழைப்பு விவரங்களையும் நாள்தோறும் கேட்டது. நீதிமன்ற ஆணை என்ற பெயர் அதற்கு இருந்தது. ஆணை என்பதன் பொருள் அதில் இல்லை.

மக்கள் கருத்தை அசைக்கும் இன்னொன்று, ஆட்சியில் அமர்ந்திருப்பது யார் என்பது. புஷ் அதிபராக இருந்த 2006-இல் அவரது குடியரசுக் கட்சியினருள் 75 விழுக்காட்டினரும் எதிர்த்தரப்பான ஜனநாயகக் கட்சியினருள் 37 விழுக்காட்டினரும் கண்காணிப்பை ஏற்றனர். ஜனநாயகக் கட்சியின் பராக் ஒபாமா அதிபராக இருந்த 2013-இல் அவ்விரு எண்களும் முறையே 52, 64 என மாறின. இரு ஆண்டுகளின் கேள்விகளும் முற்றிலும் ஒன்றல்ல என்பது உண்மைதான். இருப்பினும் இரு கட்சியினரும் எதிரெதிர்த் திசையில் நகர்ந்ததற்குக் கேள்வியின் சொல்லமைப்பு மட்டும் காரணமாக இருக்க முடியாது. நம்மவர் கையில் சாவி இருந்தால் பூட்டு எதற்கு என்ற மனநிலை அது. சாவி கைமாறும் நாளில், திறந்து கிடக்கும் கதவு அனைவருக்குமே திறந்துதான் கிடக்கும்.

மறைக்க ஒன்றுமில்லாதவருக்கு அச்சம் எதற்கு என்று வாதிடுவோர், இந்தச் சேகரிப்பால் விளைந்த பயனையும் பார்க்கவேண்டும். 2014 ஜனவரியில், அந்தரங்க உரிமைகளைக் கண்காணிப்பதற்கென அரசே அமைத்த சுதந்திர வாரியம், அழைப்புப் பதிவுத் திட்டம் பயங்கரவாத விசாரணை ஒன்றின் முடிவை மாற்றியதற்கு ஒரு சான்றுகூடக் கிடைக்கவில்லை என்று எழுதியது. 2015-இல் நாடாளுமன்றம் அந்த மொத்தச் சேகரிப்பை முடிவுக்குக் கொண்டுவந்தது. 2018-இல் கார்ப்பெண்டர் வழக்கில், ஒருவரின் 127 நாள் நடமாட்டத்தைக் கைபேசிக் கோபுரப் பதிவுகள் வழியே அறிவதற்குப் பொதுவாகச் சோதனை ஆணை வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது.

ஆனால், அந்த 1978 சட்டத்தில் பின்னர் சேர்க்கப்பட்டு, வெளிநாட்டவரைக் குறிவைக்கும் 702-ஆம் பிரிவின் கீழ்ச் சேகரித்த தொடர்புகளுக்குள், ஆணையில்லாமலே அமெரிக்கர்களைப் பற்றித் தேடும் வழக்கம் தொடர்ந்தது. அப்படித் தேடுவதற்கு ஆணை வேண்டும் என்ற திருத்தம் 2024 ஏப்ரலில் நாடாளுமன்றத்தின் பிரதிநிதிகள் அவைக்கு வந்தது. இரு கட்சியினரும் இரு பக்கமும் கலந்து வாக்களித்தனர். ஆதரவு 212, எதிர்ப்பு 212. வாக்குகள் சமமானால் திருத்தம் தோற்கும் என்பது அவையின் விதி, அப்படியே தோற்றது.