வரப்பும் உறவும்

அவைத் தலைவர் அவர்களே, பேரூராட்சித் தலைவர் அவர்களே, பணி நிறைவுக்குப் பின்னும் இந்த நூலகத்தைத் தம் வீடாகவே எண்ணி நாள்தோறும் வந்துபோகும் முன்னாள் நூலகர் அவர்களே, அம்பாசமுத்திரத்திலிருந்து பேருந்தில் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் என் தமிழாசிரியர் ஐயா அவர்களே, சேரன்மகாதேவிப் பெருமக்களே, அனைவருக்கும் வணக்கம்.

உறவைக் காக்கும் நெறிகள் எவை என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. பிறர் குற்றத்தை எண்ணிக்கொண்டிராமை, சினத்தில் பேசாமை, கொடுக்கல் வாங்கலைத் தெளிவாக வைத்துக்கொள்ளுதல் என மூன்றைச் சொல்ல வந்தேன். முதலாவதற்கு விளக்கவுரை வேண்டியதில்லை. 'குற்றம் பார்க்கில் சுற்றம் இல்லை' என்று நம் ஆச்சிமார் சொல்லிச் சொல்லி வளர்த்த மண் இது.

கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் அடுத்தடுத்து வயல் வைத்திருந்த அண்ணன் தம்பி இருவரை நான் அறிவேன். நடுவரப்பு ஒரு முழம் நகர்ந்துவிட்டது என்று தொடங்கிய வழக்கு 11 ஆண்டுகள் நடந்தது. தம்பி மகளின் திருமண அழைப்பிதழில் பெரியப்பா பெயர் இல்லை. அண்ணன் வீட்டுத் துட்டிக்குப் புறப்பட்ட தம்பி தெருமுனையோடு திரும்பிவிட்டார். ஒரு கார் பருவத்தில், கதிர் பால்பிடிக்கும் வேளையில், தம்பி கடுங்காய்ச்சலில் விழுந்தார். அன்று அவருக்கு முறைத் தண்ணீர் இரவு 2 மணிக்கு. அவருடைய மனைவி மண்வெட்டியும் டார்ச் விளக்குமாகத் தனியே வயலுக்குப் போனபோது மடை ஏற்கெனவே திறந்திருந்தது. முழங்கால் சேற்றில் நின்று மூத்தவர் தம்பி வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். "ஏம்மா, அவனுக்குக் காய்ச்சல் விட்டுட்டா?" என்று மட்டும் கேட்டார். விடிந்ததும் தம்பி போர்வையோடு அண்ணன் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்து, மதினி கொடுத்த கஞ்சியைக் குடித்துவிட்டுத்தான் எழுந்தார். குற்றம் பார்க்கில் சுற்றம் இல்லை.

ஆனால் பெரியோர்களே, மனம் சேர்ந்த பின்னும் வாய்தா வந்துகொண்டேதான் இருந்தது. நான் ஊர் ஊராகச் சொல்லிவருவதை இங்கே சொல்லியாக வேண்டும். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின்படி அமையும் மக்கள் நீதிமன்றத்தில் இரு தரப்பும் இசைந்தால்தான் தீர்வு எழுதப்படும். அது உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணைக்கு நிகரானது. அதன்மேல் மேல்முறையீடு கிடையாது. கட்டிய நீதிமன்றக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். தோற்றவர் என்று எவரும் இல்லாததால் அந்தச் சகோதரர்கள் கையெழுத்திட்டுவிட்டு ஒரே பேருந்தில் ஊர் திரும்பினார்கள்.

தலைவர் அவர்கள் நேரத்தைக் காட்டுகிறார்கள். மற்ற இரு நெறிகளை இன்னொரு மேடைக்கு வைத்துக்கொள்கிறேன். குற்றம் பார்க்கில் சுற்றம் இல்லை என்று அறிந்திருந்தும் வரப்புக்காகவும் பாகப்பிரிவினைக்காகவும் வழக்கு நடத்திக்கொண்டிருப்பவர்கள், வாசல் மேசையில் நான் வைத்திருக்கும் மாதிரி விண்ணப்பத்தில் ஒன்றை எடுத்துச் சென்று வட்ட சட்டப் பணிகள் குழுவை அணுகுங்கள். எழுதத் துணை வேண்டுவோருக்காக இரவு 8 மணி வரை இங்கேயே இருப்பேன்.