கியூப ரும்பாவை முதல் தடவை கேட்கும்போது காதை எங்கே வைப்பது?

[ஒலி: எல்லா டிரம்களும் சேர்ந்து, பத்து நொடி]

ரும்பா என்பது டிரம், பாட்டு, ஆட்டம் மூன்றும் சேர்ந்த கியூப இசை. முதல் தடவை கேட்கிறவருக்கு இது ஒரே இரைச்சலாகத்தான் இருக்கும். ஆளுக்கொரு பக்கம் அடிக்கிறார்கள், எங்கே ஆரம்பம், காலை எங்கே தட்டுவது, எதுவும் பிடிபடாது. அதனால் இருப்பதிலேயே துள்ளலாக, உச்சஸ்தாயியில் கேட்கிற டிரம்மின் பின்னாலேயே காது போய்விடும். அதன் பெயர் கின்தோ. இப்போதைக்கு அதை விட்டுவிடுங்கள்.

[ஒலி: கிளாவே மட்டும்]

பிடிக்க வேண்டியது இந்தக் கிளாவேயை. இரண்டு கட்டைக் குச்சிகள், ஐந்தே அடி, பாட்டு முழுக்க இதேதான். ஒன்றிலிருந்து 16 வரை சீராக எண்ணிக்கொண்டே 1, 4, 8, 11, 13-இல் கை தட்டிப் பாருங்கள். சல்சா நடன இசையில் கேட்கிற, சோன் கிளாவே என்ற இன்னொரு கிளாவே தாளத்தில் மூன்றாவது தட்டு 7-இல் விழும். இங்கே ஒரு எண் தள்ளி விழுகிறது, அவ்வளவுதான், ஆனால் அந்த ஒரு எண்ணில்தான் ரும்பாவின் தள்ளாட்டமே இருக்கிறது.

[படம்: ஹவானா துறைமுகம், பழைய புகைப்படம்]

ஊர்க்கதை சுருக்கமாக. ஹவானா, மத்தான்ஸாஸ் என்ற இரண்டு துறைமுக ஊர்கள், 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி. கியூபாவில் அடிமைமுறை ஒழிந்ததே 1886-இல்தான். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய கறுப்பினத் தொழிலாளர்கள், ஒரே முற்றத்தைச் சுற்றி நெருக்கியடித்து வாழ்ந்த குடும்பங்கள், இவர்களுடைய இசை இது. டிரம் இல்லாத இடத்தில் கருவாடு வந்திறங்கிய மரப்பெட்டியைத் தட்டினார்கள். அந்தப் பெட்டி, கஹோன் என்ற பெயரில், இன்றைக்கும் வாசிக்கப்படுகிறது.

[ஒலி: அடி டிரம், அப்புறம் நடு டிரம்]

சரி, கிளாவே காதில் உட்கார்ந்துவிட்டதா? இப்போது கீழே இறங்குங்கள். ஆழமாக ஒலிப்பது சலிதோர், அதற்குப் பதில் சொல்வது த்ரெஸ் தோஸ். தனித்தனியாகக் கேட்டால் சாதாரண அடிகள்தான், ஆனால் இரண்டும் சேரும்போது ஒரு குட்டி மெட்டு உருவாகும், அதை வாயால் முணுமுணுக்கக்கூட முடியும்.

[காட்சி: ஆணும் பெண்ணும் ஆடுகிறார்கள்]

இப்போது கின்தோவுக்கு வரலாம். வெறும் ஆடியோவில் இது தன்னிஷ்டத்துக்கு அடிப்பது போலத் தோன்றக் காரணம், அது யாரோடு பேசுகிறதோ அந்த ஆட்டக்காரர் உங்கள் கண்ணில் படுவதில்லை. குவாகுவாங்கோ என்ற வகையில் ஆண் சுற்றிச் சுற்றி வந்து திடீரென்று இடுப்பையோ கையையோ காலையோ பெண்ணை நோக்கி வீசுவார், அவள் பாவாடை நுனியால் சட்டென்று மறைத்துத் தப்பிப்பாள், அந்தக் கணத்தில் கின்தோ பளீரென்று ஒரு அடி கொடுக்கும். அதனால் முதல் தடவை வீடியோவாகவே பாருங்கள் என்பேன். ஆடியோவை மட்டும் கேட்டு “புரியவில்லை” என்று ஒதுக்குவது நியாயமில்லை.

யாம்பூ என்ற நிதானமான வகையில் தொடங்கினால் சுலபம். அதில் அந்த வீச்சு கிடையாது. கொலும்பியா படுவேகம், எண்ணிக்கையும் வேறு, பிறகு பார்த்துக்கொள்ளலாம். குழு என்று கேட்டால் லோஸ் முன்யெக்கீத்தோஸ் தே மத்தான்ஸாஸ், 1952-இல் தொடங்கியவர்கள். பாடகர் முதலில் அர்த்தமில்லாத அசைகளை இழுத்துப் பாடுவார், தள்ளிவிடாதீர்கள், கூட்டமாகப் பதில் பாடத் தொடங்கும்போதுதான் ஆட்டம் சூடுபிடிக்கும். ஒரு விஷயம், ஃபோன் ஸ்பீக்கர் வேண்டாம், சலிதோர் சுத்தமாகக் கேட்காது. ஹெட்ஃபோன் மாட்டிக்கொள்ளுங்கள்.