அம்பலம் ஏறிய சொல்: தியடோர் செட்ஜ்விக்கும் ஓர் அடிமைப் பெண்ணின் வழக்கும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பணி ஓய்வு பெற்ற பின்னும் இந்த வாசகர் வட்டத்தின் ஒரு கூட்டத்தையும் தவறவிடாத முன்னாள் மாவட்ட நீதிபதி ஐயா அவர்களே, இந்த மண்டபத்தை வாடகை பெறாமல் தந்துதவிய வணிகர் சங்கப் பொறுப்பாளர்களே, நூலகம் பூட்டும் நேரம் கடந்த பிறகும் எனக்காகக் காத்திருந்து பழைய அமெரிக்க வரலாற்று நூல்களைத் தேடி எடுத்துக் கொடுத்த கிளை நூலகர் அம்மையார் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் சட்டக் கல்லூரி மாணவ மாணவியரே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

தியடோர் செட்ஜ்விக் என்னும் அமெரிக்கரை வழக்கறிஞராகவும், சட்டமன்றத்தாராகவும், நீதிபதியாகவும் மூன்று கோணங்களில் அறிமுகப்படுத்துமாறு தலைவர் என்னைப் பணித்திருக்கிறார். அந்த மூன்றையும் தொடுவேன். ஆனால், நான் மேடைதோறும் சொல்லிவரும் ஒரு பழமொழியோடுதான் தொடங்க வேண்டியிருக்கிறது: ஏழை சொல் அம்பலம் ஏறாது. அம்பலம் என்பது ஊர் கூடிப் பேசும் பொது மன்றம். அங்கே ஏழையின் சொல் ஏறாது என்று நம் முன்னோர் மனம் நொந்து சொல்லி வைத்தார்கள். அது ஏறிய ஒரு நாளைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

செட்ஜ்விக் 1746-ஆம் ஆண்டு கனெடிகட் குடியேற்றத்தில் உள்ள வெஸ்ட் ஹார்ட்ஃபோர்டில் பிறந்தார். யேல் கல்லூரியில் சேர்ந்து, படிப்பை முடிக்காமலே வெளியேறினார். முதலில் சமயக் கல்வியில் நாட்டம் கொண்டு, பிறகு அதை விட்டுச் சட்டம் பயின்று, மாசச்சூசெட்சின் மேற்கு ஓரத்திலுள்ள பெர்க்‌ஷயர் மலைப்பகுதியில், ஷெஃபீல்ட் என்ற சிற்றூரில் வழக்கறிஞராகத் தொழில் நடத்தினார். அந்த ஊரின் பெரிய மனிதர் கர்னல் ஜான் ஆஷ்லி. நிலமும் செல்வாக்கும் உடையவர், நீதிபதி பதவி வகித்தவர். 1773 ஜனவரியில் அவர் வீட்டு மாடியறையில் ஊர்ப் பிரமுகர்கள் கூடி, பிரிட்டிஷ் ஆட்சியின் அத்துமீறல்களைக் கண்டித்து ஒரு தீர்மானம் வரைந்தார்கள். இயற்கை நிலையில் மனிதர் யாவரும் ஒருவருக்கொருவர் சமமானவர்கள், சுதந்திரமானவர்கள் என்று அந்தத் தீர்மானம் தொடங்குகிறது. அதை எழுத்தில் வடித்த இளைஞர் செட்ஜ்விக். அதே வீட்டின் அடுக்களையில் பெட் என்ற பெண் ஆஷ்லிக்கு அடிமையாக உழைத்துக்கொண்டிருந்தாள்.

இங்கே நான் சற்று நின்று, அந்த அடுக்களைக்குள் உங்களை அழைத்துச் செல்ல வேண்டும். செட்ஜ்விக்கின் மகளும் எழுத்தாளருமான கேத்தரின் மரியா, பெட்டின் வாய்மொழியாகத் தாம் கேட்டதை எழுதி வைத்திருக்கிறார். ஆஷ்லியின் மனைவி ஹன்னா கடுஞ்சினம் உடையவர். அடுக்களையில் பெட்டுடன் லிஸ்ஸி என்ற சிறுமியும் இருந்தாள். அவளைப் பெட்டின் தங்கை என்று சிலரும் மகள் என்று சிலரும் சொல்கிறார்கள். ஒரு நாள் மாவு பிசைந்த பாத்திரத்தில் ஒட்டியிருந்த மிச்சத்தைச் சுரண்டி எடுத்து லிஸ்ஸி தனக்கென்று சிறியதாக ஓர் அடை தட்டிக்கொண்டாள். கழுவினால் வாய்க்காலில் போக வேண்டிய மாவு அது. எசமானி கண்டுவிட்டார். “திருடி” என்று கத்தியபடி, அடுப்பில் பழுக்கக் காய்ந்திருந்த இரும்புக் கரண்டியைத் தூக்கி ஓங்கினார். கரண்டி என்றவுடன் நம் வீட்டுக் கரண்டியை நினைத்துவிடாதீர்கள். அடுப்புத் தணலை வாரும் மண்வெட்டி போன்ற கருவி அது. பெட் குறுக்கே பாய்ந்து தன் கையை நீட்டினாள். அடி எலும்பு வரை இறங்கியது. குளிர்காலம் முழுவதும் அந்தக் கையைப் பயன்படுத்த முடியவில்லை.

அதன் பிறகு அவள் செய்ததைக் கேளுங்கள். அந்தப் புண்ணை அவள் மூடவே இல்லை. விருந்தினர் வரும்போதெல்லாம், கை எல்லோர் கண்ணிலும் படும்படியே பரிமாறினாள். எசமானி பக்கத்தில் இருக்கும்போது யாராவது, “பெட்டி, கைக்கு என்ன ஆயிற்று?” என்று கேட்டால், “அம்மாவையே கேளுங்கள்” என்று மட்டும் சொன்னாள். ஒரு குற்றப்பத்திரிகை இதைவிடச் சுருக்கமாக எழுதப்பட்டதாக நான் படித்ததில்லை. பல ஆண்டுகளாக வழக்குக் கட்டுகளைத் தூக்கிச் சுமந்தவன் என்ற உரிமையில் இதைச் சொல்கிறேன்.

1780-இல் மாசச்சூசெட்சுக்குப் புதிய அரசியலமைப்பு வந்தது. ஜான் ஆடம்ஸ் பெரும்பகுதி வரைந்த அந்த ஆவணம் அச்சில் வந்து அலமாரியில் அடங்கிவிடவில்லை. ஊர் ஊராக அனுப்பப்பட்டு, மக்கள் கூடும் மன்றங்களில் வாசிக்கப்பட்டு, பிரிவு பிரிவாக விவாதிக்கப்பட்டு, அதன் பிறகே ஏற்கப்பட்டது. மனிதர் யாவரும் சுதந்திரமாகவும் சமமாகவும் பிறக்கிறார்கள் என்பது அதன் முதல் பிரிவு. எழுதப் படிக்கத் தெரியாத பெட் அதை ஷெஃபீல்டில் வாசிக்கக் கேட்டாள். மறுநாளே செட்ஜ்விக்கின் அலுவலகத்துக்குப் போய், “நேற்று வாசித்த தாளில் எல்லாரும் சமமாகப் பிறந்தவர்கள் என்று இருக்கிறதே, நான் வாயில்லா ஜீவன் இல்லையே, சட்டம் எனக்கு என் விடுதலையைத் தராதா?” என்று கேட்டதாகக் கேத்தரின் எழுதுகிறார். நண்பர்களே, அந்தத் தாள் அன்று உரக்க வாசிக்கப்படாமல் போயிருந்தால் இந்த வழக்கே பிறந்திருக்காது. ஏழை சொல் அம்பலம் ஏற வேண்டுமானால், அம்பலத்தின் சொல் முதலில் ஏழையின் காதில் விழ வேண்டும்.

செட்ஜ்விக் வழக்கை ஏற்றார். எதிராளி அவருக்கு நண்பர், ஊருக்குப் பெரியவர். அதே வீட்டில் அடிமையாக இருந்த பிராம் என்ற ஆடவனும் மனுதாரராகச் சேர்க்கப்பட்டான். கனெடிகட்டின் லிட்ச்ஃபீல்டில் சட்டம் கற்பித்து வந்த டாப்பிங் ரீவ் துணை நின்றார். அவர்கள் கையாண்ட வழி நுட்பமானது. சட்ட விரோதமாகப் பிடித்து வைத்திருப்பதை விடுவிக்கச் செய்யும் ஓர் ஆணையை 1781-இல் பெற்றார்கள். இவர்கள் ஆயுள் முழுதும் தமக்கு உரிய ஊழியர்கள் என்று சொல்லி ஆஷ்லி விட மறுத்தார். அப்படி மறுத்ததால்தான் அந்த உரிமை சட்டப்படி உண்டா என்ற கேள்வி நீதிமன்றத்தின் முன் வந்தது. ஆகஸ்டில் கிரேட் பேரிங்டனில் விசாரணை நடந்தது. புதிய அரசியலமைப்பின் முதல் பிரிவுக்குப் பிறகு இந்த மண்ணில் அடிமை முறைக்கு இடமில்லை என்று வழக்கறிஞர்கள் வாதிட்டார்கள். நடுவர் குழு இருவரையும் விடுவித்து, முப்பது ஷில்லிங் இழப்பீடும் செலவுத் தொகையும் தரச் சொன்னது. ஆஷ்லி மேல்முறையீடு செய்தார். பிறகு தாமே கைவிட்டார். 1790-இல் நடந்த முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மாசச்சூசெட்சில் அடிமை என்று ஒருவர்கூடப் பதியப்படவில்லை.

பெட் தன் பெயரை எலிசபெத் ஃபிரீமன் என்று மாற்றிக்கொண்டு, கூலி பெறும் ஊழியராகச் செட்ஜ்விக் வீட்டில் பணியாற்றினார். மருத்துவச்சியாகவும் பெயர் பெற்றுப் பின்னர் சொந்த வீடு வாங்கினார். ஒரு நிமிடச் சுதந்திரம் தந்து அதன் முடிவில் சாக வேண்டும் என்று சொல்லியிருந்தாலும் அதை ஏற்றிருப்பேன் என்று அவர் சொல்லுவாராம்.

சட்டமன்றத்தார் என்ற இரண்டாம் பகுதிக்கு வருகிறேன். செட்ஜ்விக் மாசச்சூசெட்ஸ் அவைகளிலும், 1789 முதல் அமெரிக்கப் பிரதிநிதிகள் அவையிலும், பிறகு மேலவையிலும் இருந்தார். 1799 முதல் 1801 வரை பிரதிநிதிகள் அவையின் தலைவராக வீற்றிருந்தார். ஜெஃபர்சனும் பர்ரும் சமமான வாக்குகள் பெற்றுக் குடியரசுத் தலைவர் தேர்வு அந்த அவைக்கு வந்தபோது, 36 சுற்று வாக்கெடுப்பு அவர் தலைமையில்தான் நடந்தது. சாமானியரின் ஆட்சியை அஞ்சிய கட்சியைச் சேர்ந்தவர் அவர். கடனால் நொந்த விவசாயிகள் 1786-இல் கிளர்ந்தபோது அவர்களை எதிர்த்து நின்றார். அவருடைய அந்த அரசியல் எனக்கு உடன்பாடானது அன்று. ஆனாலும் தம்மைத் தேடி வந்த ஓர் அடிமைப் பெண்ணின் கேள்வியை வாயிலிலேயே திருப்பி அனுப்பாத அந்த ஒரு செயலுக்காக அவரை வணங்குகிறேன்.

நீதிபதி என்ற மூன்றாம் பகுதி நீண்ட பேச்சுக்கு உரியது. 1802 முதல் 1813-இல் இறக்கும் வரை மாசச்சூசெட்ஸ் உச்ச நீதிமன்றத்தில் இருந்தார். அடிமை வணிகத்தில் எழுந்த ஓர் ஒப்பந்தத்தைச் செயல்படுத்தலாம் என்று 1810-இல் உடனிருந்த நீதிபதிகள் முடிவு செய்தபோது, அவர் மாறுபட்டு நின்றார். அதன் நுணுக்கங்களை மேடையில் இருக்கும் நீதிபதி ஐயா அவர்கள் என்னைவிட நன்றாக விளக்குவார்கள், நேரமும் குறைவு.

நான் சொல்ல வந்த ஒன்று இன்னும் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு நீதிமன்றத் தாழ்வாரத்தில், மஞ்சள் துணிப்பையை மார்போடு அணைத்தபடி ஒரு மூதாட்டி என்னிடம் வந்தார். அவருடைய நில வழக்கில் அப்போதுதான் தீர்ப்பு சொல்லப்பட்டிருந்தது. “எசமான் என்னமோ வாசிச்சாங்க, எனக்கு நிலம் உண்டா இல்லையான்னு மட்டும் சொல்லு தம்பி” என்றார். வழக்கு அவருடையது, நிலம் அவருடையது, தீர்ப்பின் மொழி மட்டும் அவருடையதாக இல்லை. ஏழை சொல் அம்பலம் ஏறாத காரணம் அந்தத் தாழ்வாரத்தில் என் கண்முன் நின்றது.

ஆகவேதான் நம் வட்டத்தின் சார்பில் ஒரு மனு தயாரித்திருக்கிறோம். மாதம் ஒரு முறை கிளை நூலகங்களில் அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகள் தமிழில் உரக்க வாசிக்கப்பட வேண்டும்; தீர்ப்பின் சாரம் வழக்காடியவருக்குத் தமிழில் வாசித்துக் காட்டப்பட வேண்டும். இவ்விரண்டுதான் கோரிக்கை. மனுவின் படிகள் வாயிலருகே மேசையில் இருக்கின்றன. படிக்கத் தெரியாதவர்களுக்கு அதை வரிவரியாக வாசித்துக் காட்ட இரண்டு மாணவியர் அங்கே அமர்ந்திருக்கிறார்கள். கையெழுத்திட இயலாதவர்கள் பெருவிரல் ரேகை வைக்க மைப்பெட்டியும் வைத்திருக்கிறோம். வணக்கம்.