முதலில் அமைதியைக் குலைப்பது யார்?

நடுவர் அவர்களே, எதிரணியில் இருக்கும் தம்பிமாரே, வேலை முடிந்த கையோடு வந்திருக்கும் சித்தாண்டி, செங்கலடி உறவுகளே, எல்லோருக்கும் வணக்கம்.

"ஆர்ப்பாட்டங்களில் அமைதி குலையப் பெரிதும் காரணம் போராடுபவர்களா, பொலிஸாரா?" இதுதான் தலைப்பு. பொலிஸார்தான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய தம்பி, வீதியை மறித்தால் அம்புலன்ஸ் எப்படிப் போகும் என்று கேட்டார். நியாயமான கேள்வி. பிரசவ வலியோடு மட்டக்களப்புப் பெரியாஸ்பத்திரிக்குப் போகும் ஒரு பிள்ளைக்கு வழி விடாத போராட்டத்தை நானும் ஆதரிக்க மாட்டேன். ஆனால் மாமாங்கேஸ்வரர் கோயில் தேரன்று வீதி நிறையச் சனம் நிற்கிறதே, அதற்குள் அம்புலன்ஸ் வந்தால் என்ன நடக்கிறது? ஒரு பொலிஸ்காரர் கையைக் காட்டுகிறார், சனம் ஒதுங்குகிறது. அதே சனம் உரிமை கேட்டு வந்தால் மட்டும் கேடயமும் தடியும் ஏன் இறங்குகின்றன? தேருக்கு வந்தவர்களைக் காக்க வேண்டிய ஆட்களாகப் பார்க்கிறார்கள். கேள்வி கேட்க வந்தவர்களை அப்படிப் பார்ப்பதில்லை.

சரி, நம் ஊருக்கே வருவோம். 2023 செப்டெம்பரில் பண்ணையாளர்கள் இங்கே சித்தாண்டியில் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சற்தரையில் அத்துமீறிப் பயிர் செய்தவர்களை வெளியேற்றுங்கள் என்பதுதான் கோரிக்கை. துப்பாக்கிச் சூடு பட்டும் சுருக்கில் மாட்டியும், கடித்தால் வெடிக்கும் வாய்வெடியைக் கடித்தும் மாடுகள் செத்துக்கொண்டிருந்த நேரம் அது. இவ்வளவு இழந்தவர்கள் கல்லைத் தூக்கவில்லை. பாயை விரித்து இருந்தார்கள். அந்த நவம்பரில் இவர்களுக்கு ஆதரவாக வந்த யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர்களில் ஆறு பேரைப் பொலிஸார் கைதுசெய்தார்கள். அந்தப் பிள்ளைகள் பிணையில்தான் வெளியே வந்தார்கள். பண்ணையாளரின் பக்கத்தில் வந்து நிற்பதில் எந்த அமைதி குலைந்தது?

என் மாமாவுக்கும் ஒரு மாட்டுப் பட்டி இருக்கிறது. கன்று ஈன்று மூன்று மாதமான பசு ஒருநாள் தாடை சிதறி வந்து நின்றது. புல்லும் மேய முடியாது, தண்ணீரும் குடிக்க முடியாது. இரண்டு நாள் நின்றுவிட்டு விழுந்தது. முறைப்பாடு கொடுக்கப் போனவரை நாளைக்கு வரச் சொன்னார்கள். மறுகா அடுத்த நாளும் அதே பதில். மூன்றாம் நாள் எழுதினார்கள், சிங்களத்தில். "என்ன எழுதியிருக்கு மகன்?" என்று கேட்டிருக்கிறார். "சைன் வையுங்க ஐயா" என்பதுதான் பதில். 1987இல், 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழியானது. தன் பசு செத்த கதையைத் தன் மொழியில் வாசித்துப் பார்க்க முடியாமல் அந்த மனிதர் கையெழுத்து வைத்துவிட்டு வந்தார்.

பிறகு ஒருநாள் அவர் ஒரு ஆர்ப்பாட்டத்தில் போய் நின்றார். அங்கே சிவில் உடையில் ஒருவர் போனைத் தூக்கிப் பிடித்து ஒவ்வொரு முகமாகப் படம் எடுத்தாராம். நடுவர் அவர்களே, காணாமலாக்கப்பட்டவர்கள் இத்தனை பேர் உள்ள மாவட்டம் இது. இங்கே ஒருவருடைய முகத்தைப் படம் பிடித்துக்கொண்டு போவது சின்ன விஷயம் இல்லை. அன்றைக்கு மாமா வீட்டில் யாரும் நித்திரை கொள்ளவில்லை.

இது தமிழருக்கு மட்டும் நடப்பது என்று நான் சொல்லவில்லை. 1992 ஜூலை 1ஆம் திகதி, அரசாங்கத்தைக் கண்டித்து நண்பகலில் 15 நிமிடம் மணி அடியுங்கள், மேளம் தட்டுங்கள் என்று எதிர்க்கட்சிகள் கேட்டுக்கொண்டன. ஜன கோஷா என்று பெயர். குருநாகல் பக்கம் இப்பாகமுவையில் பொலிஸார் வந்து மேளத்தையே பறித்தார்கள். வழக்கு உயர் நீதிமன்றம் போனது. ஒலி எழுப்பி அரசை விமர்சிப்பதும் பேச்சுச் சுதந்திரம்தான், அதைப் பொலிஸார் மீறிவிட்டார்கள் என்று 1993இல் தீர்ப்பு வந்தது. மேளம் அடித்தவர் குலைக்காத அமைதியை அதைப் பறித்தவர் குலைத்தார்.

அடுத்து 2022 மே 9. பொருளாதார நெருக்கடியால் அரசாங்கத்துக்கு எதிராக நாடெங்கும் போராட்டம் நடந்த காலம். அன்றிரவு அரசியல்வாதிகளின் வீடுகள் எரிந்ததை எதிரணித் தலைவர் விரிவாகச் சொன்னார். எரிந்தது உண்மை. நிட்டம்புவையில் ஒரு நாடாளுமன்ற உறுப்பினர் கொல்லப்பட்டதும் உண்மை. அதில் ஒன்றையும் நான் நியாயப்படுத்த மாட்டேன், அந்தக் குடும்பமும் அழுத குடும்பம்தான். ஆனால் அவர் கதையை இரவில் தொடங்கினார். அன்று பகலை விட்டுவிட்டார். பிரதமரின் அலரி மாளிகையில் நடந்த கூட்டத்துக்கு வந்த அரசாங்க ஆதரவாளர்கள் கையில் தடியோடு வெளியே வந்து, வாசலில் இருந்த போராட்டக்காரரை அடித்தார்கள். பிறகு காலி வீதி வழியே நடந்து காலிமுகத்திடலுக்குப் போய், ஒரு மாதமாக அங்கே கூடாரம் போட்டுப் போராடியவர்களையும் அடித்துக் கூடாரங்களைப் பிடுங்கி எரித்தார்கள். எல்லாம் பட்டப்பகலில், தொலைக்காட்சிக் கமராக்களுக்கு முன்னால். அன்றைய தீ அங்கேதான் பற்றியது.

மணி அடித்துவிட்டார்கள், முடிக்கிறேன். அடுத்துப் பேச வரும் தம்பி வேறு எதற்கும் பதில் சொல்ல வேண்டாம், இதற்கு மட்டும் சொல்லட்டும். மாணவர் ஊர்வலம் என்றால் பொலிஸார் வீதித் தடுப்புகளை எவ்வளவு வேகமாக இழுத்து வைப்பார்கள் என்று நாடே அறியும். அன்று பகல் அந்தக் காலி வீதியிலும் பொலிஸார் நின்றார்கள். தடியோடு போனவர்களை ஏன் மறிக்கவில்லை?