ஒரே சொல்லில் வீரனும் கொள்ளையனும்

வணக்கம் நண்பர்களே. இருநூறு ஆண்டுகளுக்கு முன் லண்டன் தெருக்களில் புழங்கி, இன்று ஏறக்குறைய வழக்கொழிந்துவிட்ட 'அவுட்-அண்ட்-அவுட்டர்' என்ற கொச்சைச் சொல்லைப் பற்றி இன்று பேசப் போகிறேன். எதையும் அரைகுறையாக விடாமல் கடைசி எல்லைவரை போகிற ஆளுக்கு வைத்த பெயர் அது.

இதற்குப் பொருள் எழுதிவைத்தவர் ஒரு கைதி. வாழ்நாளில் மூன்று முறை ஆஸ்திரேலியாவுக்கு நாடுகடத்தப்பட்ட ஜேம்ஸ் ஹார்டி வாக்ஸ், 1812-இல் நியூ சவுத் வேல்ஸின் நியூகாசிலில் தண்டனை அனுபவித்துக்கொண்டிருந்தபோது, லண்டன் திருடர்களின் குழூஉக்குறிகளை அகராதியாகத் தொகுத்தார். அது 1819-இல் அவருடைய தன்வரலாற்றுடன் லண்டனில் அச்சேறியது. அதில் இந்தச் சொல்லுக்கு அவர் இரண்டு பொருள் தருகிறார். ஆபத்தையும் இடைஞ்சலையும் பொருட்படுத்தாமல் எடுத்த காரியத்தை முடிக்கும் உறுதியான ஆள் என்பது ஒன்று. நண்பன், அந்நியன் என்ற வேறுபாடு பாராமல் எவரையும் கொள்ளையடிக்கும், திருந்தவே திருந்தாத திருடன் என்பது மற்றொன்று. இந்த இரண்டும் ஒரே பதிவில் அடுத்தடுத்து நிற்பதைப் படித்தபோது நான் அசந்துபோனேன். வீரனும் கொள்ளையனும் பாதிவழியில் நிற்காதவர்கள் என்பதைத் தெருமொழி எவ்வளவு துல்லியமாகக் கண்டிருக்கிறது!

'டைஹார்டு' என்ற சொல்லின் கதையும் இப்படித்தான். 1811 மே 16 அன்று ஸ்பெயினின் அல்புவேராவில் பிரெஞ்சுப் படையை எதிர்த்து நின்ற பிரிட்டனின் 57-ஆம் காலாட்படை ரெஜிமென்ட், சுமார் 570 பேரில் 420-க்கும் மேற்பட்டோரைச் சாவுக்கும் காயத்துக்கும் கொடுத்தது. படுகாயமுற்றுக் கிடந்த அதன் தளபதி கர்னல் இங்லிஸ், 'டை ஹார்டு', அதாவது எளிதில் சாகாதீர்கள், போராடிச் சாகுங்கள் என்று கூவியதால் அந்தப் படைக்கே அது பட்டப்பெயராயிற்று. சரியாக நூறாண்டு கழித்து, 1911-இல், பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் மேலவையான பிரபுக்கள் சபையின் அதிகாரத்தைக் குறைக்கும் மசோதாவை இறுதிவரை எதிர்த்த பிரபுக்களுக்கு அதே பெயர் ஒட்டிக்கொண்டது; ஆகஸ்ட் 10 அன்று 131-க்கு 114 என்ற கணக்கில் அவர்கள் தோற்றார்கள். போர்க்களத்தில் புகழாக இருந்தது, அரசியலில் பாதி ஏச்சாகிவிட்டது.

இப்போது என் கையில் இருக்கும் இந்தக் கம்பளி நூல்களைப் பாருங்கள். நூற்றபின் சாயமேற்றிய இந்தத் தடித்த நூலைக் குறுக்கே வெட்டினால் உள்ளே வெளிறித் தெரிகிறது. நூற்காத கம்பளி உரோமமாக இருக்கும்போதே சாயமேற்றி நூற்ற மற்றதோ நடுவரை ஒரே நீலம். தன் கொள்கையில் அடிமுதல் தோய்ந்தவரை, கம்பளி உரோமத்திலேயே சாயம் ஏறியவர் என்று ஆங்கிலேயர் சொல்வது இதனால்தான். தமிழில் நாம் 'ஊறியவர்' என்கிறோம். இசையில் ஊறியவர் என்றால் கைகூப்புகிறோம். அதே வினையை வைத்து, ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள் என்று சிலரைத் திட்டவும் செய்கிறோம்.