400 மீட்டர் ஓடுதளம், ஒரு தீவின் வாசல்: சேபாவிலிருந்து ஒரு வ்லாக்

வணக்கம் மக்களே! காற்றுச் சத்தம் அதிகமாக இருக்கும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். மைக்கைச் சட்டைக்குள் வைத்துத்தான் பேசுகிறேன். கீழே கடலை ஒட்டி ஒரு தார்க் கோடு தெரிகிறதா? இரண்டு முனையிலும் பாறை, அதற்குக் கீழே நேராகக் கடல். அதுதான் ஹுவான்சோ இரவுஸ்கின் விமான நிலையம். நான் நிற்பது கரீபியன் கடலில் நெதர்லாந்தைச் சேர்ந்த சேபா தீவில், ஸயன்ஸ் ஹில் (Zion’s Hill) கிராமத்துச் சாலையோரம். இந்த ஊரின் பழைய பெயர் ஹெல்ஸ் கேட். இன்றும் பலர் அப்படித்தான் சொல்கிறார்கள்.

அந்த ஓடுதளத்தின் நீளம் 400 மீட்டர். பள்ளி மைதானத்தில் ஒரு சுற்று ஓடுவோமே, அவ்வளவுதான். பயணிகள் விமானம் வந்து போகிற ஓடுதளங்களில் உலகிலேயே மிகக் குட்டையானது இது என்பார்கள். நான் விமானம் ஏறிய சின்ட் மார்ட்டன் தீவின் பிரின்சஸ் ஜூலியானா ஓடுதளம் 2,300 மீட்டர். கடற்கரையில் நிற்பவர்களின் தலைக்கு மேலேயே பெரிய ஜெட் இறங்குகிற வீடியோ பார்த்திருப்பீர்களே, அந்த இடம்தான்.

சேபா என்று தேடினாலே ‘உலகின் ஆபத்தான விமான நிலையம்’ என்றுதான் முதலில் வரும். சிவப்பு அம்பு, அலறுகிற முகம், எல்லாம் இருக்கும். அந்தத் தலைப்பை நான் வைக்கப்போவதில்லை. இங்கே ஏறத்தாழ 2,000 பேர் வாழ்கிறார்கள். பக்கத்துத் தீவில் மருத்துவரைப் பார்க்கவும், பிள்ளையைப் படிக்க அனுப்பவும், ஒரு சாவுக்குப் போய் வரவும் அவர்களுக்கு இதுதான் பேருந்து நிலையம். அப்படிப் பார்த்தால்தான் இந்த இடத்தின் அருமை புரியும்.

முதலில் இறங்கிய கதையைச் சொல்லிவிடுகிறேன். வின்ஏர் நிறுவனத்தின் ட்வின் ஆட்டர் விமானம். 19 இருக்கை, இரண்டு புரொப்பெல்லர், இறக்கை தலைக்கு மேலே, சக்கரம் உள்ளே மடங்காது. கனடாவின் டி ஹாவிலாண்ட் நிறுவனம் 1960களில் வடிவமைத்த விமானம் இது. காடு, பனி, மலை என்று குட்டையான தரை உள்ள இடங்களுக்காகவே பிறந்தது. மெதுவாகப் பறந்தாலும் கீழே விழாது, கொஞ்ச தூரம் ஓடினாலே மேலே எழும்பும். சின்ட் மார்ட்டனிலிருந்து இங்கே சுமார் 45 கிலோமீட்டர். கால் மணி நேரத்துக்குள் வந்துவிடலாம்.

எனக்கு முன்வரிசையில் இடம் கிடைத்தது. விமானிகளுக்கும் நமக்கும் நடுவே கதவு இல்லை, அவர்கள் பார்ப்பதை எல்லாம் நாமும் பார்க்கலாம். ட்வின் ஆட்டரில் இன்ஜின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற நெம்புகோல்கள் விமானிகளின் தலைக்கு மேலே, கூரையில் இருக்கும். விமானி ஒரு கையை மேலே தூக்கி அதைப் பிடித்தபடியே ஓட்டுவார். கடல் முடிந்து மலை வருகிறது. கண்ணாடி முழுக்கப் பச்சையும் பாறையும்தான், வானமே தெரியவில்லை. மலையை நோக்கியே போகிறோம். இறக்கை இடப்பக்கம் சாய்கிறது, அப்புறம்தான் ஓடுதளம் கண்ணுக்கு நேராக வருகிறது. கூரையில் இருந்த கை விரல் விரலாக அசைந்துகொண்டே இருந்தது. ஒரு பெரிய இழுப்பு இல்லை, எல்லாமே சின்னச் சின்னத் திருத்தங்கள். சக்கரம் தரையைத் தொட்டதும் அந்தக் கை நெம்புகோலைப் பின்னால் இழுத்தது. புரொப்பெல்லர் காற்றை முன்பக்கம் தள்ள, ஒரு பெரிய உறுமல். நாம் எல்லோரும் பெல்ட்டில் முன்னால் சாய்கிறோம். வேகம் அடங்கி, விமானம் நிதானமாகத் திரும்பி நிலையத்தை நோக்கிப் போகிறது. எனக்குப் பக்கத்தில் இருந்த அம்மா அந்த நேரம் முழுக்க மடியில் இருந்த கேக் டப்பாவை நசுங்காமல் பிடிப்பதில்தான் கவனமாக இருந்தார்.

அந்தக் கை அப்படி வேலை செய்ததற்குக் காரணம் பயிற்சி. இந்த ஓடுதளத்துக்கென்றே தனியாகப் பழகிய விமானிகள்தான் இங்கே இறக்குவார்கள். ஓடுதளத்தின் முனைகளில் பெரிதாக எக்ஸ் குறி வரைந்திருக்கிறது, ஜூம் பண்ணிக் காட்டுகிறேன் பாருங்கள். வெளியாள் யாரும் சொந்த விமானத்தில் வந்து இறங்க முடியாது என்று அர்த்தம். ஜெட் எதுவும் இங்கே வர முடியாது. பக்கவாட்டுக் காற்று அதிகமானால், மேகம் இறங்கினால், விமானம் வராது. வந்த விமானமும் இறங்காமல் திரும்பிப் போகும். அந்த மறுப்பைத்தான் நான் இங்கே பெரிதாக மதிக்கிறேன். இறங்க முடியாத நாளில் இறங்க மாட்டேன் என்று சொல்லத் தெரிந்தவர்கள் ஓட்டுகிற ஓடுதளம் இது.

சரி, இவ்வளவு சின்ன இடத்தில் ஏன் கட்டினார்கள்? தீவைச் சுற்றிக் காட்டுகிறேன், பாருங்கள். 13 சதுர கிலோமீட்டர்தான். முழுக்க ஓர் எரிமலை. உச்சியில் மேகம் மூடியிருக்கிறதே, அது மவுண்ட் சீனரி, 870 மீட்டருக்கு மேல். நெதர்லாந்து முடியாட்சியின் மிக உயரமான இடமே ஐரோப்பாவில் இல்லை, இங்கேதான் இருக்கிறது. இந்தத் தீவில் தட்டையான நிலம் என்று சொல்ல ஏறக்குறைய ஒன்றுதான் உண்டு. எப்போதோ எரிமலைக் குழம்பு வழிந்து கடலுக்குள் நீண்டு உறைந்த ஒரு நாக்கு. அதற்குப் பெயரே ஃபிளாட் பாயின்ட். ஓடுதளம் அதன் மேல்தான் கிடக்கிறது. நீளம் போதவில்லை என்று நீட்டலாம் என்றால் இரு பக்கமும் கடல்.

விமானம் வருவதற்கு முன்பு இருந்த நிலைமையை யோசித்துப் பாருங்கள். தீவுக்குத் துறைமுகமே கிடையாது. மேற்குப் பக்கம் லேடர் பே என்று ஓர் இடம். அங்கே பாறையில் வெட்டிய 800 படிகள். படகு அலையில் ஏறி இறங்கும்போது சரியான நொடியில் குதிக்க வேண்டும். அப்புறம் சாமான், மரச்சாமான், நோயாளி, எல்லாம் மனிதத் தோளில் அந்தப் படி வழியே மேலே போக வேண்டும். அங்கே போய்ப் பத்துப் பதினைந்து படி இறங்கும்போதே முழங்கால் சொல்லிவிடுகிறது, அதைத் தலைச்சுமையோடு ஏறியவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று.

இங்கேதான் சேபாக்காரரான ஜோசஃபஸ் லாம்பர்ட் ஹாசெல் வருகிறார். இந்த மலையில் சாலை போட முடியாது என்று நெதர்லாந்துப் பொறியாளர்கள் கைவிரித்துவிட்டார்கள். ஹாசெல் தபால் வழிப் படிப்பில் சாலை அமைக்கக் கற்றுக்கொண்டார். 1938இல் ஊர்க்காரர்களைச் சேர்த்துக்கொண்டு வேலையைத் தொடங்கினார். இயந்திரம் கிடையாது. கல்லைக் கையால் உடைத்து, கையால் அடுக்கினார்கள். கடற்கரை ஃபோர்ட் பேயிலிருந்து தலைநகர் பாட்டம் வரைக்கும் உள்ள பகுதி 1943இல் முடிந்தது. முதல் வண்டி தீவில் ஓடியது 1947இல். வின்ட்வர்ட்சைட் கிராமத்துக்குச் சாலை எட்டியது 1951இல். எல்லா ஊரையும் இணைத்து முடித்தது 1958இல். நான் சாய்ந்திருக்கிற இந்தக் கல் சுவரும் அந்தச் சாலையோடு சேர்ந்ததுதான். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் இப்படிச் சுவர் எழும்பி நிற்கிறது. கையை வைத்துத் தடவினால் ஒரு கல் கூட ஆடவில்லை.

சாலை முடிந்து சில மாதம்தான் ஆகியிருக்கும். செயின்ட் பார்ட்ஸ் தீவிலிருந்து ரெமி டி ஹேனன் என்ற விமானி. அந்த வட்டாரத்தில் யாரும் இறங்காத இடத்தில் எல்லாம் இறங்கிப் பார்த்தவர். ஃபிளாட் பாயின்ட்டை மேலிருந்து பார்த்து, இதில் இறங்கலாம் என்றார். தீவு மக்கள் கூடிப் பாறைகளை அகற்றினார்கள், பள்ளத்தை நிரப்பினார்கள், கையாலும் தள்ளுவண்டியாலும் ஒரு கீற்று நிலத்தைச் சமப்படுத்தினார்கள். 1959 பிப்ரவரி 9 அன்று அவர் சின்ன விமானத்தைக் கொண்டுவந்து அதன் மேல் இறக்கினார். அதற்குப் பிறகுதான் அரசு நம்பியது. 1963இல் முறையான ஓடுதளம் திறந்தார்கள். நெதர்லாந்தின் கரீபியன் தீவுகள் சேர்ந்த அன்றைய கூட்டமைப்பான நெதர்லாந்து ஆன்ட்டில்சில் அமைச்சராக இருந்த, அரூபா தீவுக்காரரான இரவுஸ்கினின் பெயரை வைத்தார்கள். பெயரை அவருக்குக் கொடுத்ததில் எனக்குக் குறையில்லை. ஆனால் கல் பொறுக்கிய அந்த ஊர்மக்களுக்கும் உள்ளே ஒரு பெரிய பலகை இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

வின்ஏரும் கிட்டத்தட்ட அதே காலத்தில் பிறந்ததுதான், 1961. இந்தச் சின்னத் தீவுகளை இணைக்கவே தொடங்கிய நிறுவனம். இன்றைக்கு அதன் பங்குகளில் பெரும்பகுதி சின்ட் மார்ட்டன் அரசிடம், சிறு பகுதி நெதர்லாந்து அரசிடம்.

இப்போது கொஞ்சம் கனமான விஷயம். 2010 அக்டோபர் 10 அன்று நெதர்லாந்து ஆன்ட்டில்ஸ் கலைந்தது. சேபா நேரடியாக நெதர்லாந்தின் ஒரு பகுதியானது. சின்ட் மார்ட்டன் அதே முடியாட்சிக்குள் தனி நாடாக ஆனது. சேபாக்காரர் தன் சொந்த நாட்டின் ஆம்ஸ்டர்டாமுக்குப் போவதற்கும் வழக்கமாக முதலில் இன்னொரு நாட்டின் பாஸ்போர்ட் வரிசையில் நின்றுதான் போக வேண்டும். வாசல் தன் வீட்டில் இல்லை, பக்கத்து வீட்டில் இருக்கிறது. 2017 செப்டம்பரில் இர்மா புயல் சின்ட் மார்ட்டன் விமான நிலையத்தைச் சிதைத்தபோது, அந்த அடி இங்கேயும் விழுந்தது. வழக்கமான பயணிகள் சேவை அங்கே அக்டோபரில்தான் திரும்பியது.

டிக்கெட் விலைதான் இங்கே எல்லோர் வாயிலும் இருக்கிற பேச்சு. கால் மணி நேரப் பறப்புக்கு இவ்வளவா என்று யாரும் கேட்பார்கள். விமான நிறுவனத்தின் பக்கத்துக் கணக்கையும் பார்க்க வேண்டும். 19 இருக்கைக்கு மேல் போகிற விமானம் இங்கே இறங்காது. ஓடுதளம் குட்டை என்பதால் எடையைக் கவனித்து ஏற்ற வேண்டும், பெட்டி சில சமயம் அடுத்த விமானத்தில் வரும். செலவைப் பிரித்துக்கொள்ள ஆள் குறைவு. இது நியாயமான காரணம்தான். ஆனால் இதை வெறும் வியாபாரமாக விட்டுவிட்டால் தீவுக்காரர் மட்டும்தான் சுமக்க வேண்டியிருக்கும். இந்த முறையீடு நெதர்லாந்து நாடாளுமன்றம் வரை போயிருக்கிறது. என் கருத்தை நேராகச் சொல்கிறேன். ஐரோப்பாவில் ஒரு குக்கிராமத்துக்குப் போகிற பேருந்துக்கு அரசுப் பணம் போகிறது. இதே நாட்டின் குடிமக்களுக்கு இந்த விமானம்தான் அந்தப் பேருந்து. அரசு நிரந்தரமாகக் கைகொடுக்க வேண்டும். பாட்டம் ஊரில் ஒரு சின்ன மருத்துவமனை உண்டு, ஆனால் சிறப்பு மருத்துவரைப் பார்க்கப் பலர் தீவை விட்டுத்தான் போக வேண்டியிருக்கிறது. விருப்பப் பயணம் என்று அதை யாரால் சொல்ல முடியும்?

படகு இல்லையா என்று கமென்டில் கேட்பீர்கள். இருக்கிறது. ஃபோர்ட் பேக்கு சின்ட் மார்ட்டனிலிருந்து ஃபெர்ரி வருகிறது, ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். கடல் அமைதியாக இருந்தால் நல்ல பயணம். அலை தூக்கினால் வயிறு தாங்காது, முதியவர்களுக்கும் நோயாளிகளுக்கும் சொல்லவே வேண்டாம்.

வரப்போகிறவர்களுக்கு இரண்டு விஷயம். பெட்டியைச் சின்னதாகக் கட்டுங்கள், மருந்தும் ஒரு மாற்றுத் துணியும் கைப்பையிலேயே இருக்கட்டும். அப்புறம், வீடு திரும்பும் பெரிய விமானத்துக்கும் இங்கிருந்து கிளம்புகிற விமானத்துக்கும் நடுவே தாராளமாக நேரம் விடுங்கள். முடிந்தால் ஓர் இரவு. காற்று ஒத்துழைக்காத நாளில் யாரிடமும் சண்டை போட வேண்டிய அவசியம் இருக்காது. இங்கே டாலர்தான் செல்லும், எல்லோரும் ஆங்கிலம் பேசுவார்கள், அதில் கவலை வேண்டாம்.

இருங்க, சத்தம் கேட்கிறதா? கிளம்பப் போகிறது. கேமராவைத் திருப்புகிறேன். பாருங்கள், ஓடுதளத்தின் கடைசி அங்குலம் வரை பின்னால் போய் நிற்கிறது. பிரேக்கைப் பிடித்துக்கொண்டே இன்ஜினை முழு வேகத்துக்கு ஏற்றுவார்கள். விமானம் நடுங்குவது இங்கிருந்தே தெரிகிறது. விட்டார்கள்! ஓடுகிறது... பாதி ஓடுதளம் கூட ஆகவில்லை, மேலே எழும்பியாகிவிட்டது. பாறையில் கூடு கட்டியிருக்கிற அந்த நீள வால் வெள்ளைப் பறவைகள் எல்லாம் கண்டுகொள்ளாமல் சுற்றுகின்றன.

அடுத்த வீடியோவில் மவுண்ட் சீனரி ஏறுகிறேன், ஆயிரத்துக்கு மேல் படிகள். ஹாசெல் சாலையைப் பற்றி உங்களுக்குக் கேள்வி இருந்தால் கீழே எழுதுங்கள், வின்ட்வர்ட்சைட் அருங்காட்சியகத்தில் கேட்டுச் சொல்கிறேன்.