குழந்தைகளோட குமரிக் கடற்கரைக்குக் குடிவரப் போறீங்களா? ஆடியில் வந்து ஊரைப் பாருங்க

[காட்சி: முட்டம் கலங்கரை விளக்கம். கீழே பாறை, நீலக் கடல், அமைதியான அலை.]

இந்தக் கடலை ஜனவரியில பார்த்தா யாருக்கும் இங்கேயே ஒரு வீடு எடுத்துடலாம்னு தோணும். காத்து சுகமா இருக்கும், கிணத்துல தண்ணி நிறைஞ்சு நிக்கும், அலை காலை நனைச்சுட்டுப் போகும். பலரும் அந்த ஒரு மாசத்தைப் பார்த்துட்டு அட்வான்ஸ் கொடுத்துடறாங்க. அஞ்சு வயசுக்குக் கீழ பிள்ளைங்க இருக்கிற வீட்டுக்கு அது போதாது.

[காட்சி: அதே இடம், ஆடி மாசம். சாம்பல் நிறக் கடல், பாறைக்கு மேல எகிறும் அலை.]

ஆரோக்கியபுரத்துல தொடங்கி நீரோடி வரைக்கும் நம்ம மாவட்டக் கரை சுமார் 70 கிலோமீட்டர்தான். ஆனா அது ஒரே கடல் இல்ல. மீன்பிடித் தடைக்காலத்தைப் பார்த்தாலே தெரியும். சின்னமுட்டம் பக்கம் கிழக்குக் கரைக் கணக்கு, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குளச்சல், தேங்காப்பட்டணம் பக்கம் மேற்குக் கரைக் கணக்கு, ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஒரே மாவட்டத்துக்குள்ள ரெண்டு தடைக்காலம். அதனால "குமரி கடற்கரைல வீடு வேணும்"னு பொதுவாத் தேடாதீங்க. எந்த ஊர், கரையில இருந்து எவ்வளவு தூரம், எவ்வளவு மேடு, இந்த மூணையும் சேர்த்துத்தான் பார்க்கணும்.

முதல்ல மேடு. 2004 டிசம்பர் 26 சுனாமியில குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி ஊர்கள் பட்ட பாடு இங்க எல்லாருக்கும் தெரியும். மணக்குடியில பாலத்தையே தண்ணி பிடுங்கிட்டுப் போச்சு. ஆறு கடல்ல சேர்ற இடத்தை இங்க பொழின்னு சொல்லுவாங்க. பொழி இருக்கிற இடத்துல கடலுக்கு ஒரு திறந்த வாசல் இருக்குன்னு வச்சுக்கோங்க. அலை மணல் மேட்டைத் தாண்டித்தான் வரணும்னு இல்ல, ஆத்து வழியா நேரா உள்ள ஏறிடும். அதனால மணக்குடியில பழையாறு, கடியபட்டணம் பக்கம் வள்ளியாறு, தேங்காப்பட்டணத்துல குழித்துறையாறு, இந்த மூணு முகத்துவாரத்துக்கும் பக்கத்துல தாழ்ந்த கரையில வீடு பார்த்தா, கடல் அரை கிலோமீட்டர் தள்ளி இருக்குன்னு சொல்றதை நம்பி இருந்துடாதீங்க. ஆறு எவ்வளவு பக்கத்துல இருக்குன்னு கேளுங்க.

கூகுள் எர்த்துல வீட்டு மேல கர்சரை வச்சா கடல் மட்டத்துல இருந்து எத்தனை மீட்டர் உயரம்னு காட்டும். ரெண்டு மூணு மீட்டர் முன்னப்பின்ன இருக்கும், அதையும் கணக்குல வச்சுக்கிட்டு 10 மீட்டருக்கு மேல இருக்கிற இடமாப் பாருங்க. சின்னப் பிள்ளைங்க உள்ள வீட்டுக்கு எங்க கணக்கு இதுதான்: கரையில இருந்து ஒண்ணு முதல் மூணு கிலோமீட்டர் உள்ள, 10 மீட்டர் மேட்டுல. சாயங்காலம் கடலுக்குப் போயிட்டு வர அது ஒண்ணும் தூரம் இல்ல. ராத்திரி நிம்மதியாத் தூங்கலாம்.

கரையை ஒட்டித்தான் வேணும்னா, பிள்ளையைத் தூக்கிக்கிட்டு மேட்டுக்கு நடந்து பாருங்க. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டு. சந்து எவ்வளவு குறுகல், நடுவுல கரையோரமா ஓடுற பழைய ஏ.வி.எம். கால்வாய் குறுக்க வருதா, அதைத் தாண்டப் பாலம் எங்க இருக்கு, எல்லாம் நடந்தாத்தான் தெரியும். கடல் திடீர்னு உள்வாங்கினா, சைரன் வரட்டும்னு காத்திருக்கக் கூடாது. அப்பவே நடக்கணும்.

[காட்சி: வெயில் அடிக்கும் கரை, தெளிவான வானம். மெல்ல எழும் பெரிய அலை.]

சுனாமி எப்பவோ ஒரு தடவை வர்றது. கள்ளக்கடல் அப்படி இல்ல. பேர்லயே விஷயம் இருக்கு, திருடன் மாதிரி சத்தமில்லாம வரும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தெற்க, இந்தியப் பெருங்கடலோட அடிமுனையில புயல் அடிக்கும். அதுல கிளம்புற நீண்ட அலை சில நாள் பயணம் பண்ணி இங்க வந்து சேரும். நம்ம ஊர்ல காத்து இருக்காது, மழை இருக்காது, வானம் பளிச்னு இருக்கும். அதனாலதான் ஏமாந்துடறோம். ஏப்ரல், மே மாசத்துல இது அதிகம், அதாவது சரியா பிள்ளைங்களுக்கு லீவு விடுற நேரம். 2024 மே 6 அன்னைக்கு நம்ம மாவட்டத்து லெமூர் கடற்கரையில அஞ்சு மருத்துவ மாணவர்களை அலை இழுத்துட்டுப் போனது இப்படி ஒரு எச்சரிக்கை இருந்த நாள்லதான். ஐதராபாத்துல இருக்கிற இன்காய்ஸ்ங்கிற கடல் தகவல் மையம் இந்த எச்சரிக்கையை முன்கூட்டியே வெளியிடுது. அவங்களோட சமுத்ரா செயலியை போன்ல போட்டு வச்சுக்கோங்க. சிவப்பு எச்சரிக்கை இருந்தா அன்னைக்குக் கால் நனைக்கிறதும் வேண்டாம்.

சாதாரண நாள்லயும் கரையில நின்னு ஒரு பத்து நிமிஷம் அலையைப் பாருங்க. ரெண்டு பக்கமும் வெள்ளை நுரை உடையுது, நடுவுல ஒரு பட்டை மட்டும் நுரை இல்லாம, கலங்கி, அமைதியாத் தெரியுதா? பிள்ளைங்க குளிக்க வசதியான இடம்னு நமக்குத் தோணும். ஆனா கரையில ஏறின தண்ணி திரும்பக் கடலுக்குள்ள ஓடுற வழி அதுதான். பெரியவங்களையே உள்ள இழுக்கும். தூண்டில் வளைவுகளை ஒட்டியும், துறைமுகச் சுவரை ஒட்டியும் இந்த இழுப்பு அடிக்கடி உண்டாகும்.

தூண்டில் வளைவு பத்தி இன்னொண்ணு. கரையில இருந்து கடலுக்குள்ள நீட்டிக் கல்லைப் போட்டு மணலைத் தடுக்கிற சுவர் அது. கரையோரமா நகர்ந்துக்கிட்டே இருக்கிற மணல் அதோட ஒரு பக்கம் சேரும். அடுத்த பக்கத்துக்கு மணல் வராததால அங்க கரை அரிக்கும். வீட்டு புரோக்கர் மணல் சேர்ந்த பக்கத்தைத்தான் காட்டுவார். நீங்க அடுத்த பக்கமும் போய்ப் பாருங்க. வேர் வெளிய தெரிய நிக்கிற தென்னை, பாதி உடைஞ்ச ரோடு, புதுசாக் கொட்டின பாறாங்கல் இருந்தா, அந்த ஊர்ல சொந்த வீடு வாங்குறதைப் பத்தி ரெண்டு தடவை யோசிக்கணும்.

[காட்சி: கைப்பிடிச் சுவர் உள்ள வீட்டுக் கிணறு. டி.டி.எஸ். மீட்டர் தண்ணீரில்.]

இப்ப தண்ணி. எங்களைக் கேட்டா வீட்டை முடிவு பண்ற விஷயம் இதுதான், ஆனா யாரும் இதுல நேரம் செலவழிக்கிறதில்ல. கடலோரத்துல நல்ல தண்ணி உப்புத் தண்ணிக்கு மேல மிதந்துக்கிட்டு இருக்கு. உப்புத் தண்ணிக்கு எடை கொஞ்சம் கூட. அந்தச் சின்ன வித்தியாசத்தால, கடல் மட்டத்துக்கு மேல ஒரு அடி நல்ல தண்ணி நின்னா, அதுக்குக் கீழ ஏறக்குறைய 40 அடி வரைக்கும் நல்ல தண்ணி இருக்கும். கேட்க நல்லா இருக்கு. திருப்பிப் போட்டுப் பாருங்க: மோட்டார் போட்டு நல்ல தண்ணி மட்டத்தை ஒரு அடி இறக்கினா, அடியில இருக்கிற உப்பு 40 அடி மேல ஏறப் பார்க்கும். அதனாலதான் கரையோரத்துல ஆழமாப் போட்ட போர் நாளாவட்டத்துல உவர்ப்பாகுது, பக்கத்து வீட்டுப் பழைய ஆழமில்லாத கிணறு நல்லாவே இருக்கு. "நூறு அடி போர் இருக்கு"ங்கிறது கடலோரத்துல பெருமையான விஷயம் இல்ல.

சோதிக்கிறது சுலபம். தண்ணியில கரைஞ்சிருக்கிற உப்பை அளக்கிற டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். மே மாசக் கடைசியில, தென்மேற்கு மழை இறங்குறதுக்கு முந்தி, காலையில ஒரு தடவை அளங்க. அப்புறம் மோட்டாரை ஒரு மணி நேரம் ஓடவிட்டு மறுபடி அளங்க. குடிதண்ணிக்கு இந்தியத் தர அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம், வேற வழியே இல்லன்னா 2,000 வரை. முதல் அளவு 400, ரெண்டாவது 900ன்னு ஏறினா, அந்தக் கிணத்துக்கு அடியில உப்பு தயாரா நிக்குதுன்னு அர்த்தம். மீட்டர் கிருமியைக் காட்டாது. கரையோரத்துல வீடுகள் நெருக்கமா இருக்கும், கழிவுத் தொட்டியும் கிணறும் பக்கத்துல பக்கத்துல இருக்கும், மணல்ல கழிவு சீக்கிரம் இறங்கும். கைக்குழந்தை இருந்தா ஆய்வகத்துல கொடுத்து கோலிபார்ம் கிருமி, நைட்ரேட் உப்பு ரெண்டும் பார்த்துடுங்க. ஆறு மாசத்துக்குள்ள இருக்கிற புட்டிப்பால் குழந்தைக்கு நைட்ரேட் கூடின தண்ணி ஆபத்து, கொதிக்க வச்சாலும் அது போகாது. பஞ்சாயத்துக் குழாய்ல எத்தனை நாளைக்கு ஒரு தடவை தண்ணி வருதுங்கிறதை வீட்டுக்காரர்கிட்ட கேக்காதீங்க. தெருவுல குடம் வச்சிருக்கிற அக்காகிட்ட கேளுங்க.

கிணத்துச் சுவர் பெரியவங்க இடுப்புக்கு மேல இருக்கணும், மேல வலை மூடி வேணும். சாதாரண இரும்பு வலை போட்டா ஓரத்துல, கண்ணுக்குத் தெரியாத இடத்துல துரு தின்னுடும். மேல பெயின்ட் நல்லா இருக்கும், பிள்ளை ஏறி நின்னா உடையும். துரு ஏறாத ஸ்டீல்ல 316 ரகம் கடல் காத்தைத் தாங்கும், கடையில சாதாரணமாக் கிடைக்கிற 304 சீக்கிரமே புள்ளி விடும். மாடிக் கைப்பிடிக்கும் ஜன்னல் கம்பிக்கும் இதே கணக்குதான். ஒவ்வொரு கம்பியையும் கையால பிடிச்சு ஆட்டிப் பாருங்க.

[காட்சி: சீலிங்கில் நேர்கோடாக ஓடும் பழுப்பு விரிசல், நெருக்கத்தில்.]

அப்புறம் அண்ணாந்து பாருங்க. சீலிங்ல நேர்கோடா, சம இடைவெளியில பழுப்பு நிற விரிசல் தெரிஞ்சா, அது உள்ள இருக்கிற கம்பியோட வரைபடம். கம்பி துரு ஏறினா பருமனாகும், மேல இருக்கிற கான்கிரீட்டைத் தள்ளும், ஒருநாள் பாளமா விழும். தொட்டில் கட்டுற கொக்கிக்குப் பக்கத்துல இந்தக் கோடு இருந்தா அந்த வீடே வேண்டாம். புதுசாக் கட்டுறதா இருந்தா கடல் காத்து படுற இடத்துக்கு எம்30ங்கிற பலமுள்ள கான்கிரீட் ரகம், கம்பிக்கு மேல 45 மில்லிமீட்டர் மூடல், இது தர விதி. அலைத் துளியே வந்து விழுற தூரம்னா எம்35, 50 மில்லிமீட்டர். மேஸ்திரி "அதெல்லாம் தேவையில்ல, இங்க எல்லாரும் இப்படித்தான்"னு சொல்லுவார். விட்டுக் கொடுக்காதீங்க.

மனை வாங்குறவங்களுக்கு சி.ஆர்.இசட்.ன்னு சொல்ற கடலோர ஒழுங்குமுறை மண்டல விதி இருக்கு. உயர் அலைக் கோட்டுல இருந்து 500 மீட்டர் வரைக்கும் அது செல்லும். கிராமப் பகுதியில 200 மீட்டருக்குள்ள புதுக் கட்டடம் கூடாதுன்னு 2011 அறிவிக்கை சொல்லுது. 2019 அறிவிக்கை மக்கள் நெருக்கமான கிராமங்களுக்கு அதை 50 மீட்டராக் குறைச்சுது. உங்க சர்வே எண் எதுக்குள்ள வருதுன்னு கடலோர மேலாண்மைத் திட்ட வரைபடம்தான் சொல்லும், புரோக்கர் வாய்வார்த்தை இல்ல. கிள்ளியூர் தாலுகா பக்கம் வாங்குறவங்க மணல் எடுக்கிற திட்டப் பரப்புக்குள்ள அந்த எண் வருதான்னும் பாருங்க.

மணல்னு சொன்னதும் எல்லாரும் கேக்கிற கேள்வி, மணவாளக்குறிச்சி. அங்க கடல் மணல்ல இருந்து தாது பிரிக்கிற ஐ.ஆர்.இ.எல். ஆலை இருக்கு. கரையில கறுப்பாத் தெரியறது பெரும்பாலும் இல்மனைட் தாது. கதிர்வீச்சு விடுற தோரியம் இருக்கிற மோனசைட் தேன் நிறத்துல அதோட கலந்து கிடக்கும். இதனால இந்தக் கரையில சில இடங்கள்ல இயற்கைக் கதிர்வீச்சு மத்த இடங்களை விடக் கூட. இதே மாதிரி மணல் உள்ள கேரளத்து கருநாகப்பள்ளியில பல வருஷம் மக்களைத் தொடர்ந்து கவனிச்சு 2009ல வெளிவந்த ஆய்வுல, அதனால புற்றுநோய் கூடினதாத் தெரியல. பயந்து ஓட வேண்டியதில்ல, அலட்சியமும் வேண்டாம். கறுப்பு மணலை அள்ளிட்டு வந்து பிள்ளைங்க விளையாட முற்றத்துல கொட்டாதீங்க, அந்த மணலை நிரப்பின மண் தரை வீடு வேண்டாம், ஜன்னலைத் திறந்து வைங்க.

ஆஸ்பத்திரி தூரத்தைக் கிலோமீட்டர்ல பார்க்காதீங்க, நிமிஷத்துல பாருங்க. கிழக்கும் நடுப்பகுதியும் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியை நம்பி இருக்கு. தூத்தூர், வள்ளவிளை, நீரோடி பக்கம் இருக்கிறவங்களுக்குக் குழித்துறை அரசு மருத்துவமனை கிட்ட, பெரிய அவசரம்னா திருவனந்தபுரம் எஸ்.ஏ.டி. குழந்தைகள் மருத்துவமனைக்குப் போறதும் ஒரு வழி. மார்த்தாண்டம், தக்கலை நெரிசல்ல காலை எட்டரை மணிக்கு ஒரு தடவை வண்டி ஓட்டிப் பாருங்க. இளைப்பு உள்ள பிள்ளைக்கு இது ரொம்ப முக்கியம். ஆனி, ஆடி ஈரத்துல சுவர்ல பூஞ்சை பிடிக்கும், தெற்கு மேற்குச் சுவரை ஒட்டி அலமாரியும் கட்டிலும் போடாதீங்க.

எந்த ஊர்னு கேட்டா, கன்னியாகுமரி டவுன் பிள்ளைங்களுக்கு ஏத்ததா எங்களுக்குத் தோணல. ஐயப்ப சீசன்ல, நவம்பர் நடுவுல இருந்து ஜனவரி நடு வரைக்கும் ரோடு முழுக்க பஸ்ஸும் கூட்டமும். ஆடியில ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காத்து வேற. மேற்கு ஓரம் உறவு பாராட்டுற ஊர்கள், ஆனா வீடுகள் அலைக்கும் ஆத்துக்கும் நடுவுல நெருக்கிக் கிடக்கு. ராஜாக்கமங்கலத்துல இருந்து முட்டம் வரைக்கும் உள்ள பகுதி, அதுலயும் கரையை விட்டு வெள்ளிச்சந்தை, திங்கள்நகர் பக்கம் ஏறின மேடு, மேட்டுக்கும் தண்ணிக்கும் இரணியல் ரயிலுக்கும் நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்கும் சேர்த்துப் பார்த்தா முதல்ல நிக்கும்.

மீனவ ஊர்க்குள்ளயே வேணும்னா 'வாடகைக்கு' போர்டைத் தேடாதீங்க, கோயில் பங்குல, அதாவது ஊர் சர்ச்சுல கேளுங்க. கரை அவங்களுக்கு வேலை செய்யுற இடம். கரமடி வலையைக் கரையில நின்னு இழுக்கிற கயித்தைப் பிள்ளைங்க தாண்டி ஓடக் கூடாது, காயற வலையில மிதிக்கக் கூடாது. முதல் நாளே இதைச் சொல்லிக் கொடுத்துட்டா, ரெண்டாவது வாரம் தெருவுல எல்லாரும் உங்க பிள்ளையைப் பாசமா "மக்களே"ன்னு கூப்பிட ஆரம்பிச்சுடுவாங்க.

[திரையில்: 108 ஆம்புலன்ஸ். 1077 மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை. 1554 கடலோரக் காவல்படை.]

பள்ளிக்கூடம் ஜூன்ல திறக்கும். அதனால முந்தின வருஷம் ஆடியில முதல் தடவை வாங்க, கடலையும் சுவர்ல ஏறுற ஈரத்தையும் பாருங்க. மே கடைசியில ரெண்டாவது தடவை, மீட்டரோட. அட்வான்ஸை அதுக்கு அப்புறம் கொடுங்க. தடுப்பூசி அட்டையைக் கையிலயே எடுத்துட்டு வாங்க, மூட்டைக்குள்ள கட்டிடாதீங்க. ஆரம்ப சுகாதார நிலையத்துல புதன்கிழமை ஊசி நாள்.